கார்பன் குச்சி எரிந்த அறை

வெளிச்சம் வந்த வழி – 17

சென்ற இதழில் சாமிக்கண்ணு வின்சென்ட்டைப் பெஷாவரில் விட்டுவிட்டு வந்தோம். திருச்சியில் ரயில்வே வரைபடக்காரராகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர், 1905-ல் டியூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படச் சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை உதறிவிட்டுக் கூடாரத்தோடு ரயில் ஏறினார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படம்தான் அவர் கையிலிருந்த பெரிய முதல். அதை வைத்துக்கொண்டு தென்கோடியிலிருந்து வடமேற்கு எல்லை வரை போனார்.

நாட்றம்பள்ளியில் என் வீட்டு மாடியில், ஊர் அடங்கிய பிறகு நின்றால் ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில் ஊதுவது கேட்கும். கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் இடையே அந்த மனிதர் எத்தனை முறை போய் வந்திருப்பார்! அத்தனை முறையும் இந்தச் சந்திப்பைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் வைக்கோல் சுற்றிய ஒரு கண்ணாடி வில்லை. அந்த ஊதல் கேட்கும்போதெல்லாம் இந்தக் காட்சி மனதில் ஓடும்.

பெஷாவருக்கு மேற்கே கைபர் கணவாய். அதைத் தாண்டினால் காபூலுக்குப் போகும் வழி. இந்த வாரம் அந்த வழியாகப் போவோம்.

2001 நவம்பர் 13-ம் தேதி தாலிபான்கள் காபூலை விட்டு வெளியேறினார்கள். ஆறு நாள் கழித்து, 19-ம் தேதி, பக்தர் என்ற திரையரங்கு கதவைத் திறந்தது. 1996 செப்டம்பரில் அவர்கள் நகரைப் பிடித்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் காபூலில் ஒரு படமும் திரையில் விழுந்ததில்லை. அன்று திரையிட்டது ‘உரூஜ்’ என்ற ஆப்கானியப் படம். சோவியத் படையை எதிர்த்த போராளிகளைப் பற்றிய கதை. படம் எதுவாக இருந்தாலும் அன்றைக்குக் கூட்டம் வந்திருக்கும். ஆயிரக்கணக்கில் வந்தார்கள், வாசலில் நெரிந்தார்கள், இடம் கிடைக்காதவர்கள் தெருவில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் இல்லை. உள்ளே போக அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

இந்தச் செய்தியை எப்போது படித்தாலும் என் கண் திரைப்பக்கம் போவதில்லை. அதற்கு எதிரே, பின்சுவரில் இருக்கும் சின்னச் சதுர ஓட்டைக்குத்தான் போகிறது. ஐந்து ஆண்டு ஓடாத கருவியை அந்த ஆறு நாளில் ஓட வைத்த கைகள் யாருடையவை?

அந்த அறையைச் சிறுவயதில் நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகையில் படம் ஓட்டியவர் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துப் போவது என் வேலை. ‘ஆபரேட்டர் அண்ணன்’ என்றுதான் ஊரே கூப்பிடும். கொட்டகை முழுக்கக் கீற்று. அவர் இருந்த அறை மட்டும் தகரமும் செங்கல்லும். தீப்பிடித்தால் பரவக்கூடாது என்று சட்டம் அப்படி. சித்திரை மாதத்தில் உள்ளே கால் வைத்தால் செங்கல் சூளை வாயில் நிற்பது மாதிரி இருக்கும். பனியனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை இடுக்கியபடி அந்த மனிதர் நிற்பார்.

அந்த அறையின் வெளிச்சம் பல்பிலிருந்து வந்ததல்ல. தாமிரம் பூசிய இரண்டு கார்பன் குச்சிகள், பென்சில் தடிமனுக்கு, ஒன்றின் முனை மற்றொன்றைப் பார்த்தபடி இருக்கும். நேர்மின்சாரத்தைப் பாய்ச்சி, முனைகளை ஒரு தரம் தொடவைத்து விலக்கினால், நடுவில் ஒரு வெள்ளைச் சுடர் நிற்கும். வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். குச்சி எரிந்து குறையக் குறைய, இடைவெளி அகலும், வெளிச்சம் மங்கும். ஆபரேட்டர் திருகைத் திருகிக் குச்சியை முன்னே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தால் திரையில் கதாநாயகன் முகம் பழுத்துப்போகும். கீழே தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் விசில் அடிப்பார்கள். தரை டிக்கெட் முப்பது காசு. அந்த முப்பது காசுக்காரர்களின் விசிலுக்குத்தான் அவர் பயப்படுவார். சேர் டிக்கெட்டுக்காரர்கள் விசில் அடிக்க மாட்டார்கள்.

35 மில்லிமீட்டர் படம் நொடிக்கு 24 கட்டமாக ஓடும். ஓடும் என்கிறோமே தவிர, உண்மையில் ஒவ்வொரு கட்டமும் வில்லைக்கு முன்னால் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது. பிறகு ஒரே தாவலில் அடுத்தது வருகிறது. நின்று, தாவி, நின்று, தாவி. இதைச் செய்வது மால்டாச் சிலுவை என்ற ஒரு சின்ன எஃகுத் துண்டு. எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும். அதன் விளிம்பு தேய்ந்தால் திரையில் படம் நடுங்கும். நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி வீதம் ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிஷத்தில் தீரும், இரண்டாயிரம் அடி இருபத்திரண்டு நிமிஷத்தில் தீரும். நிரந்தரத் தியேட்டரில் இரண்டு கருவி இருக்கும். ஒன்று முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அடுத்ததை முடுக்கிவிடுவார்கள். டூரிங் கொட்டகையில் கருவி ஒன்றுதான். பாகத்துக்குப் பாகம் விளக்கு போடுவார்கள். முறுக்கு, சுண்டல், சோடா விற்பவர்களுக்கு அதுதான் பிழைப்பு.

ஓடி முடிந்த படத்தைக் கீழ்ப்பெட்டியில் சுற்றிக்கொள்ளும் சக்கரத்துக்கு ஓர் உருண்டைத் தோல் பெல்ட் உண்டு. அது அறுந்தால் ஆபரேட்டர் அண்ணன் வெளியூருக்கு ஆள் அனுப்ப மாட்டார். தோல் ஷாப்பில் வேலை செய்யும் யாராவது தரையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டுக் கொடுத்தால் மறுநாள் தைத்துக் கொண்டுவந்து தருவார்கள். அதற்குக் கூலி ஒரு வாரம் இலவசப் படம்.

தோலுக்கும் படத்துக்கும் இன்னும் நெருங்கிய உறவு ஒன்று இருப்பதைப் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். படச் சுருளின் மேல் பூசியிருப்பது வெள்ளி உப்பு. அந்த உப்பைப் படத்தோடு ஒட்டவைத்திருக்கும் பசை ஜெலட்டின். மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பது. 1920-களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் சாமுவேல் ஷெப்பர்டு என்ற வேதியியலாளருக்கு ஒரு புதிர். சில ஜெலட்டினில் படம் நன்றாக விழுகிறது, சிலதில் மங்கலாக விழுகிறது. தேடிக்கொண்டே போய்க் கடைசியில் மாடு தின்ற கடுகுச் செடியில் வந்து நின்றார். அதிலிருக்கும் கந்தகச் சேர்மம் தோல் வழியாக ஜெலட்டினுக்குள் வந்து, வெள்ளி உப்பின் ஒளியுணர்வைக் கூட்டியிருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு என்று தோலோடு வாழும் நமக்கு இதைவிடப் பெருமைக்குரிய செய்தி வேறென்ன வேண்டும்? எம்.ஜி.ஆர் முகமும் சிவாஜி முகமும் திரையில் தெரிந்தது மாட்டுத் தோலின் தயவால்.

காபூலுக்குத் திரும்புவோம்.

கருவி ஐந்து ஆண்டு சும்மா கிடந்தால் எண்ணெய் பிசினாகும். ஈரம் ஏறிய கார்பன் படபடக்கும், சுடர் நிற்காது. சிலுவை இறுகிக்கொள்ளும். வில்லையில் பூஞ்சை படரும். இவ்வளவையும் சரிசெய்ய, அந்தக் கருவியோடு பல ஆண்டு வாழ்ந்த ஒருவரால்தான் முடியும். போர் முடிந்த ஊர்களில் கட்டடத்தை யார் வேண்டுமானாலும் கட்டித் தரலாம். அந்த ஒருவர் ஊரைவிட்டு ஓடிப்போயிருந்தால், அல்லது செத்துப்போயிருந்தால், என்ன செய்வது?

காபூலில் அப்படிப்பட்டவர்கள் ஓடாமல் இருந்தார்கள். 1968-ல் தொடங்கிய ஆப்கான் ஃபிலிம் என்ற அரசு நிறுவனத்தில் அந்த நாட்டின் செய்திப் படங்களும் கதைப் படங்களும் இருந்தன. தாலிபான்கள் அவற்றை எரிக்க வந்தபோது ஊழியர்கள் செய்ததை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஆப்கானிய மூலச் சுருள்கள் இருந்த அறையின் வாசலை அடைத்து, சுவர் போலாக்கி மறைத்துவிட்டார்கள். எரிக்கக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்களின் பிரதிகள். அவற்றின் மூலச் சுருள் வேறு நாடுகளில் பத்திரமாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எரிந்தவற்றில் இந்தியப் படங்களும் உண்டு. நம் நாட்டுப் படங்கள் தீயில் போய், அவர்கள் நாட்டு வரலாற்றைக் காப்பாற்றின. கண்டுபிடித்திருந்தால் அந்த ஊழியர்களின் உயிர் மிஞ்சியிருக்காது. மாதச் சம்பளத்துக்காக இதை யாரும் செய்ய மாட்டார்கள்.

2004 மே மாதம் அரியானா திரையரங்கும் திறந்தது. உள்நாட்டுப் போரில் சிதைந்து போயிருந்ததை, குளோத் லெலூஷ் முதலிய பிரெஞ்சுத் திரைப்படக்காரர்கள் பணம் திரட்டிக் கட்டிக்கொடுத்தார்கள். காபூல் திரையரங்குகளின் இந்த மறுபிறப்பு நீடித்ததா என்றால், இல்லை. 2020 நவம்பரில் பார்க் சினிமா என்ற பழைய அரங்கை, தாலிபான்கள் வருமுன்பே, நகர நிர்வாகமே இடித்துத் தள்ளியது. ஆப்கான் ஃபிலிம் தலைவராக அப்போதிருந்த இயக்குநர் சஹ்ரா கரீமி தடுக்கப் போய், முடியாமல் அழுதார். அடுத்த ஆகஸ்டில் தாலிபான்கள் திரும்பி வந்தார்கள். அவரும் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது.

இனி நம் வாசலுக்கு அருகே இருக்கும் கதைக்கு வருகிறேன். ஆம்பூருக்குப் பக்கத்தில் மின்னூரில், வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அகதிகள் முகாம் என்றிருந்த பெயரை 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும் நமக்கு அவை ஒரு பெயர்ப்பலகை. உள்ளே இருக்கும் வயதானவர்களிடம் படம் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் கதாநாயகன் பெயரைச் சொல்லுமுன் தியேட்டர் பெயரைச் சொல்வார்கள்.

வின்சர், றீகல், வெலிங்டன், ராணி, மனோகரா, ராஜா, லிடோ, சாந்தி, ஸ்ரீதர், றியோ. இவ்வளவும் யாழ்ப்பாணம் என்ற ஒரே நகரத்தில் இருந்தவை. சென்னையில் வெளியான படம் சில மாதம் கழித்துக் கடல் தாண்டி அங்கே போகும். மலிவு வகுப்புக்கு அவர்கள் ‘கலரி’ என்பார்கள். நம் தரை டிக்கெட்டுக்குச் சகோதரன். றீகலில் ஆங்கிலப் படம் ஓடும். கோட்டையும் பொது நூலகமும் இருந்த பகுதியில் அது இருந்தது. நூலகத்தை 1981 ஜூன் 1-ம் தேதிக்கு முந்தைய இரவில் கொளுத்தினார்கள், தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. இது உலகத்துக்கே தெரியும். அதே பகுதியில் ஒரு தியேட்டரும் போரில் இடிபாடாகிப் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நூல் எரிந்தால் அழும் நாம் தியேட்டர் இடிந்தால் அழுவதில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாதவனுக்கு அந்தத் தியேட்டர்தானே நூலகம்?

1983 ஜூலைக் கலவரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிங்களப் படவுலகை வளர்த்தவர்களில் ஒருவர் கே. குணரத்தினம் என்ற தமிழர். ஹெந்தளையில் இருந்த அவரது விஜயா ஸ்டுடியோவை அந்த நாட்களில் கும்பல் எரித்தது. உள்ளே இருந்த பல சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் சேர்ந்து எரிந்தன. தமிழன் சொத்து என்று கொளுத்தியவர்கள் தங்கள் சொந்த மொழியின் படங்களைக் கொளுத்தினார்கள். சிங்களப் படங்களை இயக்கிவந்த கே. வெங்கட் என்ற தமிழ் இயக்குநரை அதே கலவரத்தில் கொன்றார்கள். காபூல் ஊழியர்கள் சுவர் எழுப்பிக் காத்ததைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெட்ரோல், பேட்டரி, சவர்க்காரம் என்று பல பொருளுக்குத் தடை. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோல். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, அந்த டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். நம்மூர்க் கொட்டகையில் என்ன வேலையை டீசல் எஞ்சின் செய்ததோ அதை அங்கே ஒரு மனிதனின் கால்கள் செய்தன.

ஒரு கார்பன் சுடருக்குப் பல பத்து ஆம்பியர் மின்சாரம் வேண்டும். கால் மிதித்து அதைக் கொடுக்க முடியாது. ஆகவே பெரிய திரைகள் அணைந்தன. சின்னத் திரை வந்தது. ஜெனரேட்டர் ஒன்றையும் ரீவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முற்றத்தில் வைத்து, ஊர் கூடி விடிய விடியப் பார்த்தார்கள். அந்த முற்றத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. வானில் விமானச் சத்தம் கேட்டால் அணைப்பார்கள், போனதும் போடுவார்கள். சாமிக்கண்ணு வின்சென்ட்டின் கூடாரம் எண்பது ஆண்டுக்குப் பிறகு, கூரையும் இல்லாமல், அங்கே திரும்பி வந்தது என்றே எனக்குப் படுகிறது.

1995 அக்டோபர் 30. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில், மழையில், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அன்று நகரத்தில் மிஞ்சியவை கட்டடங்கள் மட்டும். பின்னர் இராணுவக் கட்டுப்பாட்டில் நகரம் வந்த பிறகு, ஸ்ரீதர் தியேட்டர் ஓர் அரசியல் கட்சியின் அலுவலகமானது. அதற்குள் போனவர்கள் படம் பார்க்கப் போகவில்லை.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலை திறந்தது. அந்தச் சிறு இடைவெளியில், நம் இயக்குநர் மகேந்திரனின் மகன் ஜான் மகேந்திரன் வன்னிக்குப் போய் ‘ஆணிவேர்’ என்ற படத்தை எடுத்தார். 2006-ல் அது வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் சாலை மறுபடி மூடியது.

2009 மே மாதம் போர் முடிந்தது. 2013-ல் யாழ் நகரின் நடுவே கார்கில்ஸ் சதுக்கம் என்ற அடுக்குமாடி வணிக வளாகம் வந்தது. குளிர்சாதனம், நகரும் படிக்கட்டு, மேல் மாடியில் டிஜிட்டல் திரைகள். யாழ்ப்பாணத்துக்குச் சினிமா திரும்பிவிட்டது என்று எழுதினார்கள். எனக்கு அந்த வாக்கியத்தில் பாதிதான் உடன்பாடு. திரும்பியது படம். கலரி திரும்பவில்லை. மீன் விற்றுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இருக்கும் சில்லறைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அந்த வளாகத்தில் என்ன இடம்? ராஜா போன்ற ஓரிரு பழைய பெயர்கள் தாக்குப்பிடித்து நிற்பது அந்த ஊரின் பாக்கியம். 2015-லிருந்து அங்கே நடக்கும் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவும் எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது. அனோமா ராஜகருணா என்ற சிங்களப் பெண் இயக்குநர் அதை முன்னின்று நடத்திவருகிறார். ஸ்டுடியோவை எரித்த நாட்டில் இது நடக்கிறது.

காஷ்மீரிலும் இதே கதைதான். 1989-ல் ஒரு தீவிரவாதக் குழு மிரட்டல் விட, 1990 பிறப்பதற்குள் ஸ்ரீநகரில் பிராட்வே, ரீகல், பல்லேடியம் எல்லாம் அடைபட்டன. சில அரங்குகள் பாதுகாப்புப் படையின் முகாம்களாயின. 1999-ல் ரீகல் துணிந்து திறந்தது, கையெறி குண்டு வீச்சில் ஒருவர் இறந்தார், மூடினார்கள். 2022 செப்டம்பர் 20-ம் தேதி புதிதாக ஒரு மல்டிபிளெக்ஸ் திறந்தது. முப்பத்திரண்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறைக்கும் மேல். பழைய ரீகலில் கார்பன் தள்ளியவர் அதற்குள் கிழவராகியிருப்பார். புதிய அரங்கில் அவருக்கு வேலையில்லை. படம் அங்கே வன்தட்டில் வருகிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் ஓடுகிறது.

பழைய கருவியையும் பழைய ஆளையும் தேடிப் பிடித்த ஊர் எனக்குத் தெரிந்து ஒன்றுண்டு. பாலஸ்தீனத்தில், மேற்குக் கரையில், ஜெனின். ஐம்பதுகளில் கட்டிய திரையரங்கு 1987-ல் முதல் இன்டிபாடா என்ற மக்கள் எழுச்சி வெடித்ததும் மூடியது. 2005-ல் அந்த ஊரில் இஸ்ரேலியப் படையினரின் குண்டுக்கு அகமது காதிப் என்ற சிறுவன் பலியானான். அவன் தந்தை இஸ்மாயில் காதிப், மகனின் உறுப்புகளை இஸ்ரேலில் இருந்த நோயாளிகளுக்குக் கொடுத்தார். யூதக் குழந்தைக்கும் அதில் ஒன்று போனது. அதைப் படமெடுக்க வந்த ஜெர்மானியர் மார்கஸ் வெட்டர், எடுத்த படத்தைக் காட்ட ஊரில் ஒரு திரை இல்லையே என்று கேட்டார். ஊர் இளைஞர்களும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் சேர்ந்து தூசு தட்டினார்கள். அந்த முயற்சியைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படத்தில், பழைய ஆபரேட்டர் ஒருவர் தன் கருவிக்கு முன் மறுபடி நிற்பார். அந்தக் கைகளைப் பார்த்தபோது எனக்கு எதிர்வீட்டு அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். 2010 ஆகஸ்டில் ஜெனின் சினிமா திறந்தது. ஆறே ஆண்டு. கூட்டம் போதவில்லை, வருமானம் போதவில்லை. நிலத்தை விற்றார்கள். 2016 கடைசியில் கட்டடத்தை இடித்தார்கள். குண்டு தகர்க்காததை மனை விலை தகர்த்தது.

சோமாலியாவின் மொகதிஷுவில் 2012 மார்ச்சில் தேசிய அரங்கைத் திறந்தார்கள். சீனா அறுபதுகளில் கட்டிக்கொடுத்த அரங்கு அது. ஏப்ரல் 4-ம் தேதி தற்கொலைக் குண்டு வெடித்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 2021 செப்டம்பர் 22-ம் தேதி, அங்கே இரண்டு சோமாலியக் குறும்படங்களைத் திரையிட்டார்கள். முப்பது ஆண்டுக்குப் பிறகு அந்த நகரம் பார்த்த முதல் பொதுத் திரையிடல். கடுமையான காவலுக்கு நடுவே மக்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தார்கள்.

போர் நமக்கும் புதிதல்ல. 1914-ல் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹாலைக் கட்டினார், சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது. வேலூரில் பிறந்த நடராஜ முதலியார் தென்னாட்டின் முதல் கதைப் படமான ‘கீசக வதம்’ எடுத்ததும் அந்த முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதுதான். இரண்டாம் போரில் படச் சுருளுக்குப் பஞ்சம் வந்தது. கதைப் படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டளை போட்டது. கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரம். அதுவரை பாட்டுக்கு மேல் பாட்டாக நீண்டுகொண்டிருந்த தமிழ்ப் படத்துக்குக் கத்தரி வைத்தது அந்தப் போர். ‘பர்மா ராணி’, ‘மானசம்ரட்சணம்’ என்று போர்ப் பிரச்சாரப் படங்களும் 1945-ல் வந்தன. அத்தனைக்கும் நடுவே கொட்டகைகள் மூடவில்லை.

அவை மூடியது சமாதான காலத்தில். எண்பதுகளில் தொலைக்காட்சி வந்தது, வீடியோ டெக் வந்தது, பிறகு கேபிள். டூரிங் கொட்டகைகள் கீற்றைப் பிரித்தன. 2005-க்குப் பிறகு டிஜிட்டல் வந்தது. அதைக் கொண்டுவந்ததில் சென்னையைச் சேர்ந்த ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் முறைக்குப் பெரிய பங்குண்டு. 2013-ல் ஃபியூஜி நிறுவனம் திரைப்படச் சுருள் தயாரிப்பதையே நிறுத்தியது. திருப்பத்தூரிலிருந்து ஆம்பூர் வரை பழைய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாயின, கிடங்காயின. கருவிகளைப் பழைய இரும்புக்கு எடை போட்டார்கள். சுருள்களை வெள்ளி எடுக்கிறவர்கள் வாங்கிப் போனார்கள். எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இன்று தென்னை நிற்கிறது. ஆபரேட்டர் அண்ணன் கடைசிக் காலத்தில் ஒரு ஷூ கம்பெனி வாசலில் இரவுக் காவலுக்கு இருந்தார். சுடரைப் பார்த்துப் பார்த்துக் கண் பழுதாகிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். அவரிடம் நான் ஒரு கேள்வியும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியபோது அவர் இல்லை.

காபூலில் சுவருக்குப் பின்னால் சுருள்களை மறைத்தவர்களுக்கு ஒரு நாள் அவை வேண்டியிருக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. நாம் யாரும் மிரட்டாமலே எடைக்குப் போட்டோம். அது தவறு என்று இந்தத் தொடரின் முதல் அத்தியாயத்திலிருந்து சொல்லிவருகிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், ஜோலார்பேட்டை, குடியாத்தம் பக்கம் இருக்கும் வாசகர்களே, உங்கள் தெருவில் படம் ஓட்டிய ஒருவர் இன்னும் இருப்பார். எழுபதைத் தாண்டியிருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். எந்தக் கொட்டகை, எந்தக் கருவி, முதலில் ஓட்டிய படம் எது, சம்பளம் என்ன, பெல்ட் அறுந்தால் என்ன செய்தார் என்று கேட்டு எழுதி, இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். வீட்டுப் பரணில் கருவியோ வில்லையோ கார்பன் குச்சியோ இருந்தால் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த மாதம் முழுவதும் உங்கள் கடிதங்களையே அத்தியாயமாகப் போடப் போகிறேன்.